ஊர்ப்பணியில் முன்னின்று நடப்பது எப்படி: கழகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையமோ வாசிகசாலையோ இல்லாத ஊரைக் காண்பது அரிது. விளையாட்டுக் கழகம், இளைஞர் கழகம், மாதர் சங்கம் என்று ஒரே ஒழுங்கைக்குள் இரண்டு மூன்று அமைப்புகள் இயங்குவதும் உண்டு. இருந்தும், ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் புதிய நிர்வாக சபை தெரிவாகி, முதல் மாதத்தில் ஒரு சிரமதானம் நடந்து, அதன் படங்கள் முகநூலில் ஏறி, சில மாதங்களுக்குள் கூட்டத்துக்கு நிர்வாக சபை உறுப்பினர்கூட ஒழுங்காக வராத நிலை பல ஊர்களில் ஏற்பட்டுவிடுகிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்பதில்லை. பொறுப்பில் இருப்பவர் எந்த வேலையைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பார்த்தே மற்றவர்கள் தாங்கள் எவ்வளவு தூரம் இறங்குவது என்று முடிவு செய்கிறார்கள். தலைவர் முதல் மண்வெட்டியைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டால் அதுவே கழகத்தின் வழக்கமாகிவிடும். அவரே கடைசிக் கடகத்தையும் சுமந்து, இரவல் வாங்கிய கருவிகளைக் கழுவி உரியவரிடம் சேர்த்துவிட்டு வீடு திரும்பினால் அதுவும் வழக்கமாகிவிடும். இரண்டாவது வழக்கத்தை எப்படி உருவாக்குவது என்பதே இங்கே சொல்லப்படுவது.

எங்கே தொடங்குவது

முதல் வேலை சிறியதாகவும், ஊரார் நாள்தோறும் கடந்து போகும் இடத்திலும், மீண்டும் மீண்டும் செய்யவேண்டியதாகவும் இருக்கட்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா தம்மிடம் இருந்த நூல்களைத் தம் வீட்டிலிருந்தே இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதைக் கண்டு மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, அடுத்த ஆண்டிலேயே ஒரு வாடகை அறையில் நூலகம் இயங்கியது. பின்னர் அது நகர சபையின் பொறுப்புக்குச் சென்று, 1959இல் தனக்கென எழுப்பப்பட்ட கட்டடத்தில் திறக்கப்பட்டது. கட்டடத்துக்கு நிதி திரளும் வரை அவர் காத்திருக்கவில்லை; கையில் இருந்ததை முதலில் கொடுத்தார்.

எங்கள் ஊர்களில் வேலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பருவம்தான். ஆவணி, புரட்டாசியில் குளங்களும் கேணிகளும் வற்றிக் கிடக்கும்; தூர் எடுப்பதற்கு உரிய காலம் அது. ஐப்பசியில் மழை இறங்குவதற்கு முன் வெள்ள வாய்க்கால்களும் மதகுகளும் துப்புரவாகிவிட வேண்டும். பனம்பழம் விழுந்து முடிந்ததும் விதைகளைச் சேகரித்து, முதல் மழையோடு குளக்கரையிலும் கடற்கரையோரத்திலும் நடலாம். மார்கழியிலும் தையிலும் டெங்கு தலைதூக்கும். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுவது. நிலத்தடிச் சுண்ணாம்புக்கற் படையில் மழைநீர் இறங்கித் தங்கினால்தான் எங்கள் கிணறுகளில் நன்னீர் நிற்கும். இறங்கும் நீர் குறைந்து இறைப்பு மிகுந்தால் உவர் ஏறும். ஆகையால் ஒரு சிறு குளத்தின் வரத்து வாய்க்காலைத் திறந்து விடுவதுகூட அயலில் உள்ள கிணறுகளுக்குச் செய்யும் பணியாகும். இந்தக் காரணத்தை உறுப்பினர்களுக்கு முதலில் விளக்கிச் சொல்லுங்கள். எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்த பிள்ளை மழையிலும் வந்து நிற்கும்.

எதற்கும் முன்னதாக உரியவரின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கலாம், பிரதேச சபையினுடையதாகவோ கோயிலுக்கு உரியதாகவோ இருக்கலாம். பிரதான வீதியோர வாய்க்கால் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்ததாக இருக்கலாம். கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியைக் கோவையில் வையுங்கள். அள்ளிய மண்ணையும் குப்பையையும் ஏற்றிச் செல்ல உழவு இயந்திரம் தரும்படி பிரதேச சபையிடம் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். போர் நடந்த காணிகளிலும் நீண்டகாலம் பூட்டிக் கிடந்த வளவுகளிலும் வேலை செய்யும்போது சந்தேகத்துக்குரிய இரும்புப் பொருள் எது கண்ணில் பட்டாலும் தொடாமல், எல்லாரையும் விலக்கி, கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸாருக்கும் அறிவித்த பின்னரே அடுத்த அடி எடுக்க வேண்டும். இதை ஒவ்வொரு முறையும், பழகியவர்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

முதலில் உங்கள் வளவு

டெங்கு ஒழிப்புக்காக வீடு வீடாகச் செல்லும் பணியில்தான் ஒருவரின் நடத்தை சோதிக்கப்படுகிறது. அடுத்தவர் படலையைத் தட்டி, உங்கள் வளவில் நுளம்பு பெருகுகிறது என்று சொல்வதற்கு முதல் நாள், நிர்வாக சபையில் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் வளவைச் சோதித்துவிட வேண்டும். கிணற்றடி வாளி, கோழிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டி, வேலியோரம் கிடக்கும் சிரட்டை, பழைய ரயர், கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மூடாத சீமெந்துத் தொட்டி என்று ஒன்றையும் விடாமல் பாருங்கள். டெங்கு நுளம்பு நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும்; அந்த முட்டை ஈரமில்லாமல் பல மாதங்கள் தாங்கி, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் பிடிக்கும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் சுற்று அறுபடும். பாவனையில் இல்லாத கிணற்றில் மீன் விடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

அதன் பிறகு அயலில் போய்க் கேட்கும் முறை தானாகவே மாறிவிடும். "அம்மா, நாங்கள் வாசிகசாலைப் பெடியள். எங்கட வீட்டுப் பீலிக்குள்ளயே நேற்றுப் புழு கண்டனாங்கள். உங்கட வளவையும் ஒருக்காப் பாக்கட்டோ?" என்று கேட்பவனை யாரும் படலையில் நிறுத்துவதில்லை. குற்றம் பிடிக்க வந்தவனாக அவனைப் பார்க்க அந்த அம்மாவுக்கு இடம் இல்லை. முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளில் பீலியில் ஏறிச் சருகை அள்ளுவதும் தொட்டியைத் தேய்ப்பதும் கழகத்தின் வேலையாகட்டும். சொல்லிவிட்டு வருவதால் அங்கே எதுவும் நடக்காது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் பூட்டிய வீடுகளின் பட்டியலைத் தனியாக எழுதி, பராமரிப்பவரையோ கிராம உத்தியோகத்தரையோ அணுகுங்கள்; மதிலேறிக் குதிக்க வேண்டாம்.

சிரமதான நாள்

சிரமதானம் என்ற சொல்லை இலங்கை முழுவதும் பரவச் செய்ததில் 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்ற பொருளுக்கு ஏற்ப, வந்தவர்கள் அனைவரும் ஒரே தரத்தில் நிற்கும்படி அந்த நாளை ஒழுங்கு செய்ய வேண்டும். எங்கள் மண்ணில் அழுக்கோடு சேர்ந்த வேலைகள் குறிப்பிட்ட சில குடும்பங்களின் தலையில் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட வரலாறு உண்டு. வாய்க்காற் சேற்றை அள்ளும் வேலையும் மலசலகூடம் கழுவும் வேலையும் இன்றும் சத்தமில்லாமல் அதே பக்கத்துக்குச் சரிந்துவிடக் கூடும். அதைத் தடுக்கக் கூட்டத்தில் நீண்ட உரை நிகழ்த்த வேண்டியதில்லை. அந்த இரண்டு வேலைகளுக்கும் எதிரே தலைவரும் செயலாளரும் முதலில் தம் பெயரை எழுதி, பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடட்டும். அவ்வாறே தேநீர் ஊற்றுவதும் குவளை கழுவுவதும் எப்போதும் பெண்பிள்ளைகளுக்கு என்று விடப்படுவதை நிறுத்தி, ஆண்களுக்கும் அதைப் பகிர்ந்து கொடுங்கள். வாய்க்கால் எந்த வழியால் திரும்ப வேண்டும் என்பதை ஊரில் பல பெண்கள் நன்றாக அறிவார்கள். வெள்ளம் புகுந்த அடுப்படியைக் கழுவியவர்கள் அவர்களே.

காலை ஆறரைக்கு என்று அறிவித்தால் பொறுப்பாளர் ஆறேகாலுக்கு அங்கே நிற்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், பத்தரைக்குள் முடியக்கூடிய அளவு வேலையை மட்டும் எடுங்கள். மண்வெட்டி, அலவாங்கு, கடகம், கத்தி எல்லாம் பல வீடுகளிலிருந்து வரும்; பிடியில் உரியவரின் பெயரைத் தீந்தையால் எழுதி, ஒரு கொப்பியில் பதிந்துவிட்டால் மாலையில் தகராறு வராது. அள்ளிய சேற்றை வாய்க்கால் விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போவது நாம் அடிக்கடி காணும் குறை; அடுத்த மழை அதை அப்படியே உள்ளே கொண்டுபோய் விடும். அன்றே ஏற்ற வசதி இல்லையென்றால் அன்று குறைவாக அள்ளுவதே மேல். தேநீருக்கு ஒவ்வொருவரும் தத்தம் குவளையைக் கொண்டு வரட்டும். துப்புரவுக்கு வந்து பிளாஸ்டிக் கோப்பைகளைப் போட்டுவிட்டுப் போவதைச் சிறுவர்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

பாதுகாப்பு விடயத்தில் தளர்வு வேண்டாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகள் ஏற்பட்டதை மறந்துவிடக் கூடாது. தேங்கிய நீரிலும் சேற்றிலும் இறங்குபவர்கள் சப்பாத்தும் கையுறையும் அணிய வேண்டும். காலில் வெடிப்போ காயமோ உள்ளவரைக் கரையில் வேறு வேலைக்கு விடுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் யாருக்காவது காய்ச்சல் கண்டால், சேற்று நீரில் வேலை செய்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பார்த்தீனியத்தைப் பிடுங்குவதானால் பூப்பதற்கு முன், கையுறையோடு; ஒவ்வாமை உள்ளவர்கள் விலகியிருக்கட்டும். அவசர நோயாளர் காவு வண்டிக்கு 1990. சப்பாத்து இல்லாமல் தலைவரே சேற்றில் குதித்தால் அந்த ஒரு செய்கை அத்தனை அறிவுறுத்தலையும் அழித்துவிடும்.

பணமும் படமும்

கழகங்கள் உடைவது பெரும்பாலும் கணக்கால்தான். வங்கிக் கணக்குக் கழகத்தின் பெயரிலும் கூட்டுக் கையொப்பத்திலும் இருக்கட்டும். புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணம் எவருடைய தனிக் கணக்குக்கும் வர வேண்டாம். ஐம்பது ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் வரவு செலவை ஒரே தாளில், யாரும் கேட்பதற்கு முன், வாசிகசாலைப் பலகையில் ஒட்டுங்கள். கேட்ட பின் காட்டும் கணக்கு சரியாகவே இருந்தாலும் அதற்குள் சந்தேகம் ஊருக்குள் இறங்கிவிட்டிருக்கும்.

பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகளோ ஒரு குடும்பத்துக்கு உலர் உணவுப் பொதியோ கொடுக்கும்போது, வாங்குபவரின் முகத்தைப் படமெடுத்து வெளியிடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது. அந்தப் பிள்ளை நாளை அதே வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு இருக்கப் போகிறது. நன்கொடையாளருக்குச் சான்று தேவையானால் பொருட்களையும் பற்றுச்சீட்டையும் படமெடுத்து அனுப்பலாம்; பாடசாலைக்குரியதை அதிபரிடம் ஒப்படைத்தால் யாருக்குக் கிடைத்தது என்று ஊருக்குத் தெரியாமலே அது போய்ச் சேரும்.

இரத்ததான முகாம் நடத்துவது ஒப்பீட்டளவில் எளிது: யாழ். போதனா வைத்தியசாலை இரத்த வங்கியிடம் நாளைக் கேட்டுப் பெற்று, நிழலும் கட்டிலும் நீரும் உள்ள மண்டபத்தை ஒழுங்கு செய்யுங்கள். 18 முதல் 60 வயது வரையானவர்கள், முன்னர் கொடுத்திருந்தால் நான்கு மாதங்கள் கடந்தபின், அடையாள அட்டையோடு வரலாம். முதற் கட்டிலில் நிர்வாக சபையினர் படுக்கட்டும். உடல்நிலை காரணமாகக் கொடுக்க முடியாதவரிடம் ஏன் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள்.

தொடர்ச்சியும் கைமாற்றமும்

பனம் விதை நாட்டிய நாளில் வரும் கூட்டம் பெரிது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்ட மண் இது. அந்த உணர்வோடு மக்கள் வருகிறார்கள். ஆனால் பனை காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும். அதுவரை மாடு கடிக்காமலும் தீ வைக்கப்படாமலும் வடலியைக் காப்பது யார் என்பதை நடும் அன்றே எழுதிவையுங்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர், ஆண்டுக்கொரு முறை எண்ணிக்கை, பட்ட இடத்தில் மறு விதை என்று வைத்தால் போதும். எத்தனை நட்டோம் என்று அறிவிப்பதை விட்டு, எத்தனை நிற்கிறது என்று ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் வாசியுங்கள்.

வராதவர்களைக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லி ஏசுவதால் ஒருவரும் திரும்பியதில்லை. நேரில் வீட்டுக்குப் போங்கள். பரீட்சை இருக்கும், தோட்டத்தில் வெங்காயம் கிண்டும் நாளாக இருக்கும், தகப்பனுக்குச் சுகமில்லாமல் இருக்கும். அவரால் முடிந்த ஒரு சிறு பொறுப்பைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு முழு வேலையை, திட்டமிடுவதிலிருந்து கணக்கு முடிப்பது வரை ஒப்படைத்து, நீங்கள் அவர்களின் கீழ் மண்வெட்டி பிடியுங்கள்.

பதவிக்காலம் முடிந்ததும் திறப்பு, வங்கிப் புத்தகம், கூட்டறிக்கைக் கொப்பி, கடிதக் கோவை, கருவிப் பட்டியல், முடியாமல் நிற்கும் வேலைகளின் குறிப்பு ஆகியவற்றைப் பொதுக் கூட்டத்திலேயே புதியவரிடம் கையளித்துக் கையொப்பம் பெறுங்கள். அடுத்த சிரமதானத்துக்கு வழக்கமான நேரத்துக்கே போய், புதிய தலைவர் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறாரோ அந்தப் பக்கத்தில் இறங்குங்கள்.