வளர்ச்சி ஹார்மோனும் அமினோ மாத்திரையும்: ஜிம்முக்கு வரும் தம்பிகள் விடும் பிழைகள்

ஹட்டன் பக்கம் ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாகச் சேரும் தம்பிகளில் பாதிப்பேர் பாரத்தைத் தொடுவதற்கு முன்பே, "அண்ணே, க்ரோத் ஹார்மோன் ஏத்துற அமினோ எது நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். வார்ம்அப் செய்யாதது, முதல் நாளே பாரத்தைக் கூட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன்.

மாத்திரையை நம்பிச் சாப்பாட்டை மறப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. தோட்டத்து லயத்திலிருந்து வரும் தம்பி ஒருவன், டவுனில் கடை வேலை. சம்பளத்தில் பெரும்பங்கைக் கொட்டி அர்ஜினின் என்ற அமினோ அமில மாத்திரைப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். ரொட்டியும் கட்டைச்சம்பலும் பிளேன்டியும். பகலுக்கு? ரெண்டு ரோல்ஸ். இரவில் சோறும் கிழங்குக் கறியும். புரதம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமே இல்லை.

அர்ஜினின் வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டும் என்ற விளம்பரம் முழுப் பொய்யும் இல்லை, வில்லங்கமே அதுதான். அர்ஜினினை இரத்த நாளம் வழியாக ஏற்றினால் மூளைக்கு அடியிலிருக்கும் கபச் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும். சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் இப்படிச் சோதிப்பதுண்டு, பெரியவர்களுக்கு 30 கிராம் வரை ஏற்றுவார்கள். அவனுடைய மாத்திரை ஒன்று 500 மில்லிகிராம். அப்படியென்றால் 60 மாத்திரையும் சேர்ந்தால்தான் அந்த அளவு வரும், அதுவும் வாயால் விழுங்கும்போது ஒரு பங்கு குடலிலும் ஈரலிலுமே உடைந்துபோகும், அளவைக் கூட்டினால் வயிற்றைக் கலக்கும். ஒழுங்காக ஒரு மணி நேரம் ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்று உழைத்தால் காசில்லாமலே மாத்திரையைவிடக் கூடுதலாகச் சுரக்கும்!

சரி, ஹார்மோன் கூடியே விட்டது என்று வைப்போம். அது ஈரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் செய்ய வைக்கிறது, இரண்டுமாகச் சேர்ந்து தசை அமினோ அமிலங்களை உள்ளே எடுத்துப் புரதமாகக் கட்ட உதவுகின்றன. கட்டுவதற்கு அமினோ அமிலம் சாப்பாட்டிலிருந்துதானே வரவேண்டும்? மேசன் பாஸ் வந்து நின்றாலும் கல்லும் சீமெந்தும் இல்லாமல் சுவர் எழும்பாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: பட்டினி கிடந்தால் வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் கூடத்தான் செய்யும். ஆனால் ஈரல் அதற்குச் செவிசாய்க்காது, ஐ.ஜி.எஃப்-1 இறங்கிவிடும், ஹார்மோன் கொழுப்பைக் கரைப்பதோடு நின்றுவிடும். அதனால் ஹார்மோன் கூடுவதும் தசை வளர்வதும் ஒன்றல்ல.

அந்தக் காசுக்கு முட்டை, நெத்தலிக் கருவாடு, கௌபி, சோயா மீட் என்று எவ்வளவு வாங்கியிருக்கலாம்! சோற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். வீட்டில் அம்மா பருப்புக் கறி வைத்தால் ஒரு கரண்டி கூடப் போடச் சொல்லுங்கள், அப்புறம் மாத்திரையைப் பற்றிப் பேசலாம்.

இரவெல்லாம் போனோடு கிடப்பது

ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதே ஆழ்ந்த தூக்கத்தின் முதல் பகுதியில்தான். தூங்குங்கள்.

ஹார்மோனையே மாத்திரையாகத் தேடுவது

அது 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். விழுங்கினால் சாப்பிட்ட முட்டையோடு சேர்ந்து செரித்துவிடும்.

உயரத்துக்காக வாங்குவது

எலும்பு நுனியில் நீளம் கூடும் இடமான வளர்தட்டு மூடிவிட்டதா? காசு வீண்.

ஊசி

வளர்ச்சி ஹார்மோன் ஊசியை மருத்துவர் சோதித்து எழுதித் தராமல் தொடாதீர்கள். இரத்தத்தில் சீனி கூடும், மூட்டு நோகும், அளவுக்கு மீறிப் பல காலம் போட்டால் கையும் காலும் தாடையும் தடிக்கும். ஊசியை நிறுத்தினாலும் தடித்த எலும்பு பழையபடி ஆகாது.