டிஸ்ஜங்ஷன் என்ற சொல்லை லத்தீன் வரை பிரித்துப் படிப்பது எப்படி

பிளஸ் டூ கணக்கில் மெய் அட்டவணை (கூற்றுகள் உண்மையா பொய்யா என்பதைப் பொறுத்து விடையைக் காட்டும் பட்டியல்) போடும் பிள்ளைகள் பலர் சறுக்குவது டிஸ்ஜங்ஷனின், அதாவது இரண்டு கூற்றை 'அல்லது' என்று இணைப்பதன், முதல் வரிசையில்தான், இரண்டு கூற்றும் உண்மையாக இருக்கும்போது விடையும் உண்மை என்று எழுதக் கை வராது. மனப்பாடம் வேண்டாம். சொல்லைப் பிரித்துப் பாருங்கள், குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் முன்னால் ஒட்டியிருப்பதை வெட்டுங்கள். 'டிஸ்' போனால் மிஞ்சுவது 'ஜங்ஷன்', விழுப்புரம் ஜங்ஷன் என்கிறோமே அதே சொல். வேர் லத்தீனில் 'யுங்கெரே', அதாவது பூட்டுவது, சேர்ப்பது. நுகத்தடிக்கான லத்தீன் சொல்லும் இதே குடும்பம். யோகம் என்ற வடசொல்லும் இதற்கு உறவு. பாண்டியில் பிரெஞ்சு எடுத்துப் படிப்பவர்களுக்கு இன்னும் சுலபம், அங்கே 'ழூ' என்றால் நுகத்தடி.

அப்புறம் முன்னொட்டைத் திரும்ப ஒட்டுங்கள். 'கன்' என்றால் கூட, ஆக 'மற்றும்' என்று இணைக்கும் கன்ஜங்ஷன் இரண்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவது, இரண்டும் வந்தால்தான் ஏர் நகரும். 'டிஸ்' என்றால் விலக்கி, பூட்டை அவிழ்ப்பது. பழைய கிரேக்கத் தத்துவ மரபினரான ஸ்டோயிக்குகளுக்கு 'அல்லது' என்றால் இரண்டில் ஒன்று மட்டும். நுகம் அவிழ்க்கும் அவர்களுடைய சொல்லைத்தான் ரோமானிய எழுத்தாளர் சிசரோ லத்தீனாக்கினார். அந்தப் பழைய பொருள் பெயருக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் நமக்குக் கை தடுமாறுகிறது.

அதனால் பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டைப் பிடியுங்கள். டிஸ்ஜங்ஷனுக்குப் போடும் ∨ என்பது லத்தீன் 'வெல்' என்ற சொல்லின் முதலெழுத்து, ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் 1910இல் வெளியிடத் தொடங்கிய பிரின்சிபியா மாத்தமாட்டிகா என்ற தருக்க-கணித நூலிலும் இதே குறியீடுதான். லத்தீனில் 'அல்லது' என்பதற்கு 'அவுட்' என்றும் ஒரு சொல் உண்டு, தருக்கப் பாடத்தில் அதை ஒன்று மட்டும் என்ற பொருளுக்கு வைப்பார்கள். 'வெல்' வந்ததோ விரும்பு என்ற வினையிலிருந்து: எது வேண்டுமோ எடுத்துக்கொள், இரண்டும் என்றாலும் சரி.

தமிழிலேயே சோதித்துப் பாருங்கள். "டீயா காபியா?" என்றால் அது 'அவுட்'. "மழை பெய்தாலோ வாய்க்காலில் தண்ணீர் வந்தாலோ வயல் நனையும்" என்றால் 'வெல்'. கடலூர் பக்கம் ஐப்பசியில் இரண்டும் சேர்ந்தே வரும், அன்றைக்கு வயல் நனையாமலா போகும்? முதல் வரிசையில் தயங்காமல் உண்மை என்று எழுதுங்கள். இரண்டும் பொய்யான கடைசி வரிசை மட்டும்தான் பொய்.

'இது என்றால் அது' என்னும் இம்ப்ளிகேஷனையும் இப்படி வெட்டலாம், 'ப்ளிகாரே' என்றால் மடிப்பது, முந்தானையில் முடிந்த காசு போல. எப்போதும் உண்மையாகவே இருக்கும் கூற்றான டாட்டாலஜிக்கு இந்த வழி உதவாது, அது கிரேக்கம்.