‘விட’வை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

‘சென்னையைவிட வேலூர் சூடு.’ இதில் ‘விட’ சென்னையோடு ஒட்டிக்கொள்கிறது. ‘சூடு’ மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் மாற வேண்டியது அந்தச் ‘சூடு’தான். மறந்தால் ‘வேலூர் இஸ் ஹாட் தேன் சென்னை’ என்று வரும். பயந்துபோய் முன்னால் ‘மோர்’, பின்னால் ‘அர்’ என்று இரண்டு அடையாளத்தையும் போட்டால் ‘மோர் ஹாட்டர்’. இரண்டும் தப்பு, ‘ஹாட்டர் தேன்’ போதும். எழுதும்போது ‘தேன்’ நடுவில் ஆங்கில ‘ஏ’ (a) எழுத்து. ‘ஈ’ (e) போட்டால் ‘பிறகு’ என்று பொருள் மாறிவிடும்.

‘க்ரவுடட்’, ‘எக்ஸ்பென்சிவ்’ போன்ற சொற்களுக்குத்தான் முன்னால் ‘மோர்’. ‘ஈஸி’ போல ‘ஒய்’யில் முடிவது ‘ஈஸியர்’ ஆகும். குட் - பெட்டர், பேட் - வொர்ஸ் மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

‘ரொம்ப’ என்று அழுத்த ‘வெரி ஹாட்டர்’ கிடையாது. ‘மச் ஹாட்டர்’, கொஞ்சம் என்றால் ‘எ பிட் ஹாட்டர்’. வித்தியாசம் கணக்காகத் தெரிந்தால் அந்த எண்ணே அங்கே உட்காரும். வேலூர்ப் புரட்சி 1806, வடக்கே கிளர்ச்சி 1857: ‘ஃபிஃப்டி ஒன் இயர்ஸ் எர்லியர் தேன்’.

‘ஏலகிரி அளவுக்கு வேலூர் குளுமை இல்லை’ என்பதற்கு ‘வேலூர் இஸ் நாட் ஆஸ் கூல் ஆஸ் ஏலகிரி’. இரண்டு ‘ஆஸ்’ நடுவே ‘கூலர்’ நுழையக் கூடாது. முள்ளுக்கத்தரி சாதாரணக் கத்தரியைப் போல இரண்டு மடங்கு விலை என்றாலும் இதே சட்டகம்தான்: ‘ட்வைஸ் ஆஸ் எக்ஸ்பென்சிவ் ஆஸ்’.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. ‘வெயில் ஏற ஏறத் தாகம் கூடும்’ என்று நாம் வினையை இரட்டிப்பதற்கு, ஆங்கிலத்தில் இரண்டு ‘தி’: ‘தி ஹாட்டர் இட் கெட்ஸ், தி தர்ஸ்டியர் வீ கெட்.’ பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டாவது ‘தி’. ‘வர வரச் சூடாகுது’ என்றால் ‘இட்ஸ் கெட்டிங் ஹாட்டர் அண்ட் ஹாட்டர்’. ஒப்பிட எதிராள் இல்லாததால் ‘தேன்’ வேண்டாம்.

ஆபீஸில் ‘சீனியர் தேன் மீ’ அடிக்கடி காதில் விழும். ‘சீனியர் டு மீ’ என்பதே சரி.

நன்றாக எழுதுபவர்களும் சறுக்குவது இங்கே: ‘வேலூர் வெயில் சென்னையைவிட மோசம்.’ தமிழில் உறுத்தாது. ஆங்கிலத்தில் ‘தி ஹீட் இன் வேலூர் இஸ் வொர்ஸ் தேன் சென்னை’ என்றால் வெயிலை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘தேன் இன் சென்னை’ என்று ஓர் ‘இன்’ சேர்த்தால் வெயிலும் வெயிலும் நேருக்கு நேர் நிற்கும்.