புது பிக்கப்புக்கு முன் ஒரு கால் சுற்று: எலெக்ட்ரிக் கிடாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிடார் வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கூடம், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்தான். ஓசை பிடிக்கவில்லை என்றால் முதல் பழி அதன் மேல்தான் விழும். நானும் விதிவிலக்கில்லை. என் முதல் எலெக்ட்ரிக் கிடாரில் நெக் பிக்கப்புக்கு, அதாவது கிடாரின் கழுத்துப் பக்கம் இருப்பதற்கு, மாற்றினாலே தடித்த தந்திகள் கலங்கலாக, மொத்தையாக ஒலிக்கும். புது ஜோடி ஒன்றை வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டு பற்றவைத்தேன். அதே கலங்கல். அப்புறம்தான் கவனித்தேன்: பழையதும் புதியதும், இரண்டுமே, தந்தியைத் தொட்டுவிடும் அளவுக்கு மேலே ஏறி நின்றிருந்தன. இரண்டு திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பிக்கப்புக்குள் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. காந்தம், அதைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள், அவ்வளவுதான். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பக்கத்தில் கொண்டுபோனால் சத்தம் கூடும் என்பது இதிலிருந்தே புரியும். பலரும் மறந்துவிடுவது, அந்தக் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கவும் செய்யும் என்பதை.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிடார்களில் இந்த இழுப்பு நன்றாகவே தெரியும். அவற்றில் தந்திக்கு நேர் கீழே நிற்கும் ஆறு குச்சிகளுமே காந்தங்கள். பிக்கப்பை அளவுக்கு மீறி உயர்த்தினால் தந்தி சுதந்திரமாக அதிர முடியாது. நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். தடித்த ஆறாவது தந்தியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தாண்டி அழுத்தினால், ஒரே சுரத்துக்குள் இன்னொரு சுரம் நெளிவது போலக் கேட்கும். டியூனர் முள் நிலையாக நிற்காது. பலர் இங்கே, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைக் குற்றம் சொல்லி, அதில் தந்தி உட்காரும் சேடில் துண்டுகளின் திருகுகளை மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பார்கள். சோதனை எளிது. மூன்று பிக்கப்புகளையும் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு அதே இடத்தை மறுபடி வாசியுங்கள். நெளிவு போய்விட்டால் குற்றவாளி காந்தம்தான்.

உயரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் காந்தக் குச்சியின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளக்க வேண்டும். அழுத்தாமல் அளந்தால் அந்த எண்ணால் பயனில்லை. சாதாரண சிங்கிள் காயிலுக்கு (ஒரே சுருள் உள்ள பிக்கப்) தடித்த தந்திப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 1.6 மி.மீ. என்று தொடங்கலாம். காந்தம் வலுவானது என்றால் 3.2, 2.4 வரை இறக்கலாம். இரண்டு சுருள்கள் கொண்ட ஹம்பக்கரில் காந்தம் அடியில் படுத்திருக்கும். மேலே தெரிபவை வெறும் இரும்புத் திருகுகள். இழுப்பு குறைவு என்பதால், தேவைப்பட்டால் நெருக்கமாகக் கொண்டுபோகவும் இடமுண்டு. நெக்கில் 2.4, பிரிட்ஜில் 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். இவை வெறும் தொடக்கப் புள்ளிகள்தான்; முடிவு செய்ய வேண்டியது காது.

பெரும்பாலும் பிரிட்ஜிலிருந்துதான் சரிசெய்ய ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ். பிரிட்ஜ் பக்கத்தில் தந்தி குறைவாகத்தான் ஆடும். நெக் பக்கம் அகலமாக ஆடும். அதனால் இயல்பாகவே நெக் பிக்கப் ஓங்கி ஒலிக்கும். முதலில் நெக்கைத் தெளிவு வரும்வரை இறக்குங்கள். பிறகு பிரிட்ஜை அதன் அளவுக்கு ஏற்றுங்கள். ஒரே கார்டை அடித்துக்கொண்டே ஸ்விட்சை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். முக்கியமாக, ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அணைத்துவிடுங்கள். அது பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். நீங்கள் தேடும் வித்தியாசமே காதில் விழாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பாணி சிங்கிள் காயில்களில் காந்தக் குச்சிகள் ஒரே உயரத்தில் இருக்காது. மூன்றாவது தந்திக்குக் கீழே உள்ளது தூக்கலாக நிற்கும். 1950களில் அந்தத் தந்தியும் கம்பி சுற்றியதாகவே இருந்தது, அதற்காகச் செய்த ஏற்பாடு. இன்று நாம் மாட்டுவது சுற்றாத வெறும் தந்தி, அதனால் அது மற்றவற்றை மீறிக் கத்தும். உடனே கட்டைவிரலால் அந்தக் குச்சியை உள்ளே அமுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். பல பிக்கப்புகளில் செம்புக் கம்பி நேராக அந்தக் காந்தத்தின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும். குச்சி ஒரு துளி நகர்ந்தாலும் கம்பி அறுந்து பிக்கப் ஊமையாகிவிடலாம். ஹம்பக்கரில் திருகு இருக்கிறது, திருகலாம். இதில் முடியாது.

சரி, உயரமெல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மனம் ஒப்பவில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் பொறி, பிக்கப்பின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண். 8 என்றால் மிதம், 15 என்றால் மிரட்டல் என்று படிக்கப் பழகிவிட்டோம். மின்தடை என்பது கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டும்தான் சொல்லும். காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. டெலிகாஸ்டர் வகைக் கிடாரைப் பாருங்கள். பிரிட்ஜில் வழக்கமாக 42ஆம் எண் கம்பி, நெக்கில் அதைவிட மெல்லிய 43ஆம் எண். நெக்கின் ஓம் எண் பிரிட்ஜுக்கு இணையாகவோ கூடுதலாகவோகூட இருப்பதுண்டு. ஆனாலும் அடக்கமாக ஒலிப்பது நெக்தான். ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகைக்குள் ஒப்பிட மட்டும்தான் அந்த எண் உதவும்.

'ஹை அவுட்புட்' ஆசையும் இதோடு சேர்ந்தது. சுற்றுகள் கூடக்கூட சத்தம் ஏறும், மேல்ஸ்தாயியின் பளிச்சென்ற தன்மை மங்கும். கூடுதல் கெயின் வேண்டுமானால் ஆம்பில் அதற்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. ஆனால் பிக்கப் தொலைத்துவிட்ட பளிச்சென்ற ஓசையை ஆம்பால் முழுதாக மீட்டுத் தர முடியாது. என்னைக் கேட்டால் சந்தேகம் வரும்போது சுற்று குறைந்ததையே எடுப்பேன்.

சிங்கிள் காயில் உறுமுகிறது என்று அதைப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. மின் இணைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். அதன் பிறவிக் குணம் அது. உள்ளே செம்புத் தகடு ஒட்டினால் கீச்சுக் கரகரப்பு குறையும், அந்த அடி உறுமல் முழுதாகப் போகாது. அதற்காகத்தான் கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் ஹம்பக்கரை உருவாக்கி 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்கள் எதிரெதிராக வேலை செய்து இரைச்சலை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஓசை மட்டும் கூடி வரும்.

இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பிக்கப்புகளைச் சேர்த்து மாட்டினால் இன்னொரு வேடிக்கை நடக்கலாம். தனித்தனியே அருமையாக ஒலிக்கும்; இரண்டையும் சேர்த்துப் போட்டால் மூக்கால் பேசுவது போல மெலிந்துவிடும். ஃபேஸ் மாறியிருக்கிறது, அதாவது இரண்டின் மின் அலைகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்று பொருள். ஒன்றின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் அந்த பிக்கப்பின் உலோக மூடி கிரவுண்டு ஒயரோடு இணைந்திருந்தால், அதை முதலில் பிரித்துத் தனி ஒயர் கொடுக்க வேண்டும்.

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரையும் பாருங்கள். வழக்கமாக சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. பழைய 250ஐ அப்படியே விட்டு ஹம்பக்கரை மாட்டிவிட்டு, "மந்தமாக இருக்கிறதே" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புக்குப் பெரும்பாலும் 25தான். ஹம்பக்கர் வாங்கும்போது தந்திகளின் அகலமும் முக்கியம்: முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் நடுவே சில பிரிட்ஜ்களில் 50 மி.மீ. அளவு, சிலவற்றில் 52 அல்லது 53.

இத்தனையும் பழைய, துருவேறிய தந்திகளோடு செய்தால் வீண். புதுத் தந்தி மாட்டி, பிறகு உயரம், கடைசியாக இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வரச் செய்வது) என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒரே நான்கு கார்டுகளை ஃபோனில் பதிந்துவையுங்கள். கேட்கும்போது இரண்டு பதிவுகளின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். நான் திருகைத் தொடுவதற்கு முன் இருந்த மி.மீ. அளவுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கிடார் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். பாதி நாள் கடைசியில் திரும்பிப் போய் நிற்பது அந்தச் சீட்டில் இருக்கும் அளவுக்குத்தான்.