ஜி.ஐ. பைப்புக்கு வீட்டில் மரை வெட்டும்போது விடும் பிழைகள்

வளவு முழுக்க பி.வி.சி. வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் கிணற்றடியில், மோட்டரிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்கு ஏறும் பைப் இன்னும் இரும்புதான். வெயில் நேரே படுகிற இடத்திலும் மோட்டர் உதறுகிற இடத்திலும் நான் ஜி.ஐ. பைப்பைத்தான், அதாவது நாகம் பூசின இரும்புப் பைப்பைத்தான் நம்புகிறேன். அதில் ஒரு துண்டு மாற்ற வேண்டி வந்தால் சுன்னாகத்துக்கோ டவுனுக்கோ கொண்டுபோய் மரை வெட்டிக்கொண்டு வரலாம். ஒன்பது அடிப் பைப்பை சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய், திரும்பி வந்து பிடித்துப் பார்த்தால் அரை இஞ்சி கூடிப்போயிருக்கும். அந்தக் கோபத்தில்தான் நானும் மரை வெட்டும் கை டை ஒன்று வாங்கினேன்.

முதல் வருடம் நான் வெட்டிய மரைகளில் பாதி ஒழுகின. பிறகு இருந்து யோசித்தால், அநேகமான பிழைகள் டையைப் பைப்பில் வைக்கமுன்னரே நடந்து முடிந்திருந்தன.

முதலாவது, பைப்பே பிழை. படலை செய்து மிஞ்சின பைப் ஒன்று சாய்ப்புக்குள் கிடந்தது. பார்வைக்குத் தண்ணீர்ப் பைப் மாதிரியேதான். மரையும் அழகாக விழுந்தது. எல்போவை (வளைவு மூட்டு) போட்டு இறுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மரை விழுந்த பகுதி மோதிரம் போலக் கழன்று எல்போவுக்குள்ளேயே நின்றுவிட்டது. கணக்குப் பார்த்தால் விளங்கும். அரை இஞ்சித் தண்ணீர்ப் பைப்பில் மரையின் ஆழம் 1.16 மில்லிமீற்றர். மீடியம் ரகப் பைப்பின் சுவர் 2.6 மில்லிமீற்றர் இருக்கும், வெட்டின பிறகும் பாதிக்குக் கிட்ட மிஞ்சும். படலைப் பைப்பின் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர் என்றால் மிஞ்சுவது கடதாசி. ஆகவே மிஞ்சின பைப்பில் கை வைக்கமுன் அதன் வாயைப் பார்த்துச் சுவரை அளந்துவிடுங்கள்.

இன்னொன்று, 'அரை இஞ்சி' என்பது பெயர் மட்டும்தான். அந்தப் பைப்பின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21.3 மில்லிமீற்றர். அதை மறந்து ஆணிக்கு மரை வெட்டும் அரை இஞ்சி டையை வாங்கி வந்தவர்களும் இருக்கிறார்கள். அது பைப்பின் பக்கமே போகாது.

டையிலும் சாதி இரண்டு உண்டு. எங்கள் கடைகளில் கிடைக்கும் சொக்கற் (நேர் மூட்டு), எல்போ எல்லாம் பி.எஸ்.பி., பிரித்தானியர் விட்டுப்போன அளவு. மரையின் கோணம் 55 பாகை. இணையத்தில் மலிவாக வரும் பெட்டிகளில் அமெரிக்க அளவான என்.பி.ரி. டையும் வரும், அதன் கோணம் 60 பாகை. அரை இஞ்சியிலும் முக்கால் இஞ்சியிலும் இரண்டுக்குமே இஞ்சிக்கு 14 மரை. அதனால் சொக்கற் ஏறிவிடும். சரி, பொருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். அடுத்தநாள் காலையில் நிலம் ஈரமாக இருக்கும். ஒரு இஞ்சியில் பி.எஸ்.பி.க்கு 11, என்.பி.ரி.க்குப் பதினொன்றரை. அங்கே சில சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். ஒழுகி ஏமாற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். டையில் கொத்தியிருக்கும் எழுத்தைக் காசு கொடுக்கமுன் வாசித்துவிடுங்கள்.

அளவெடுப்பதில் நான் இன்றைக்கும் தடுமாறுவேன். இரண்டு எல்போவின் வாய்க்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து அப்படியே வெட்டிவிட்டால் பைப் கட்டையாகிவிடும். அரை இஞ்சியில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் மரை உள்ளே போகும், அதையும் கூட்ட வேண்டும். அதோடு, இரண்டு முனையும் அசையாமல் நிற்கிற இடத்தில் ஒரே துண்டைப் போட முடியாது. ஒரு பக்கம் இறுக்க மற்றப் பக்கம் கழரும். இடையில் ஒரு யூனியன், அதாவது பைப்பைச் சுற்றாமலே பூட்டிக் கழற்றும் மூட்டு வேண்டும். இதை வெட்டினபிறகு யோசித்தால் இன்னொரு தடவை கடைக்குத்தான்.

பைப்பை வாளால் அறுக்கும்போது சரிந்துவிட்டால் டையும் சரிந்துதான் பிடிக்கும். ஒரு பக்கம் மரை ஆழமாகவும் மறுபக்கம் கீறல் மாதிரியும் வரும். ஒரு கடதாசித் துண்டைப் பைப்பைச் சுற்றி ஓரம் ஓரத்தோடு பொருந்த ஒட்டி, அந்த ஓரத்தோடு அறுங்கள். பிறகு அரத்தால் வெளி விளிம்பை மெல்லச் சரித்துவிடுங்கள், டையின் முதல் பல் ஏற அது போதும். கட்டரால் வெட்டினால் உட்பக்கம் ஒரு உதடு எழும்பி நிற்கும். அதை உருண்டை அரத்தால் எடுக்காவிட்டால் பைப்பின் வாய் சிறுத்து, தண்ணீரின் வேகம் குறையும்.

அடுத்தது பிடிமானம். பக்கத்து வீட்டுத் தம்பியைப் பைப்பின்மேல் இருத்திவிட்டு டையைச் சுற்றினால் தம்பியும் சேர்ந்து சுற்றுவான். சாதாரண வைஸில் நெரித்தால் பைப் நசியும், அப்படியும் வழுக்கும். பைப் வைஸ் இல்லாவிட்டால் நான் செய்வது இது: பனங்குற்றியில் ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் வெட்டி அதில் பைப்பைக் கிடத்தி, பைப் ரெஞ்சால் கவ்வி, ரெஞ்சின் கைபிடி நிலத்தில் முட்டி நிற்கும்படி விடுவேன். டையைச் சுற்றும் பலம் முழுக்க அந்தக் கைபிடி வழியாக நிலத்துக்குப் போய்விடும். கிணற்றில் நிற்கும் பைப்பைக் கழற்றாமலே மேலிருந்து மரை வெட்டுவது இன்னொரு கூத்து. நீங்கள் கொடுக்கும் முறுக்கு கீழே உள்ள பழைய மூட்டுகளில்தான் போய்ச் சேரும். மேலே ஒரு மரை வரும், கீழே ஒரு ஒழுக்கு வரும்.

சரி, இனி டையை வைக்கலாம். அகன்ற பக்கம் பைப்பை நோக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு உள்ளங்கையால் நேராக அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். பல் கவ்வினபிறகு அழுத்தம் வேண்டாம், டை தானாக ஏறும். அதன்பிறகும் அழுத்தினால் மரையின் முதுகுதான் உடையும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் ஊரில் பழைய பைப் வேலைக்காரர் ஒருவர். நான் காய்ந்த பைப்பில் முக்கி முக்கிச் சுற்றுவதை மதிலுக்கு அங்காலிருந்து கேட்டுவிட்டு, "தம்பி, அது கத்துதெண்டால் எண்ணெய் கேக்குதெண்டு அர்த்தம்" என்றார். உண்மைதான். எண்ணெய் இல்லாமல் வெட்டினால் உலோகம் வெட்டுப்படாமல் கிழிபடும். எலி கரண்டின தேங்காய்ப் பாதி மாதிரி மரை வரும். அதற்கென்று விற்கும் எண்ணெய்தான் திறம். அது இல்லாவிட்டால் குடிதண்ணீர்ப் பைப்புக்கு நான் தேங்காயெண்ணெய் விடுவேன், வேலை நடக்கிறது. மோட்டார் சைக்கிளில் வடித்த கறுப்பு ஒயிலை மட்டும் விடாதீர்கள். அந்த மணம் ஒரு கிழமைக்குத் தேநீரில் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துளி போதும். வெட்டுப்பட்ட இரும்புச் சுருள் சிக்கி டை இறுகினால் பலம் போடாமல் கால் சுற்றுப் பின்னுக்கு எடுத்து, தூரிகையால் தட்டிவிட்டுத் தொடருங்கள். வெறும் விரலால் தட்டக்கூடாது, அந்தச் சுருள் சவர அலகுக்குச் சமன்.

எங்கே நிறுத்துவது? மரை நீண்டால் பலம் கூடும் என்று நினைத்து நானும் இரண்டு இஞ்சி நீளத்துக்கு வெட்டியிருக்கிறேன். பைப் மரை கூம்பு. 16 மில்லிமீற்றர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீற்றர் மாறும். அந்தக் கூம்பு போய் இறுகுவதால்தான் தண்ணீர் நிற்கிறது. பைப்பின் வாய் டையின் மறுமுகத்தைத் தாண்டி வெளியே வரத் தொடங்கினால், தாண்டின பகுதி கூம்பாக இல்லாமல் நேராகிவிடும். பிறகு சொக்கற் இறுகாமல் போய்க்கொண்டே இருக்கும். வாய் மறுமுகத்தோடு சமமாக வந்ததும் நிறுத்துங்கள். சோதிப்பது சுலபம்: சொக்கற் வெறுங்கையால் நாலு சுற்றளவு போய் நிற்க வேண்டும், மிச்சம் இரண்டு சுற்றுக்கு மேல் ரெஞ்சுக்கு. கையாலேயே முழுக்கப் போனால் அந்த மரையை அறுத்து எறியுங்கள். அதன்மேல் ஒழுக்கை அடைக்கும் ரேப்பை எவ்வளவு சுற்றினாலும் வீண்.

ரேப்பைப் பைப்பின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, மணிக்கூட்டு முள் போகும் பக்கமாகச் சுற்றுங்கள். மாறிச் சுற்றினால் இறுக்கும்போது கழன்று சுருளும். இரும்பு மரையை பி.வி.சி. சொக்கற்றுக்குள் விடுகிறீர்கள் என்றால் ரெஞ்சைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். கூம்பு உள்ளே போகப் போக ஆப்பு அடிக்கிற மாதிரி, பிளாஸ்ரிக் அன்றைக்கில்லாவிட்டாலும் அடுத்த மாதம் வெடிக்கும்.

வெட்டின இடத்தில் நாகப்பூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. கரையோரத்திலும் தீவுப் பக்கத்திலும் உப்புக்காற்று முதலில் கடிப்பது அந்த வெளியே தெரியும் இரண்டு மூன்று மரையைத்தான். இறுக்கி முடிந்ததும் எண்ணெயைத் துடைத்து, அதன்மேல் நாகம் கலந்த பெயின்ற் பூசினால் சில வருடம் தாங்கும். நான் பூசாமல் விட்ட ஒரு மூட்டு மூன்றாம் மாரியிலேயே சிவந்துவிட்டது.

மோட்டரைப் போடமுன் பைப்பைத் தலைகீழாகப் பிடித்துச் சுத்தியலால் தட்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். நான் ஒருமுறை அதைச் செய்யவில்லை. புதிதாகப் போட்ட பித்தளைத் திருகுபைப், இரண்டாம் நாளே எவ்வளவு பூட்டினாலும் சொட்டியது. கழற்றிப் பார்த்தால் வாசருக்குள் ஒரு இரும்புச் சுருள், நான் வெட்டின அதே மரையினுடையது.