நாய் வாந்தி எடுத்தால் உடனே துடைத்துவிடாதீர்கள்

முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அருவருப்புதான், ஆனால் ‘என்ன வெளியே வந்தது?’ என்று மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில். வயிற்றை எக்கி எக்கி வெளியே தள்ளினால் வாந்தி. சிரமமே இல்லாமல், செரிக்காத உணவு அப்படியே விழுந்தால் எதுக்களிப்பு. அது பெரும்பாலும் உணவுக்குழாய்ப் பிரச்சினை. காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையா? பித்தநீராக இருக்கலாம், இரவு படுக்கும் முன் கொஞ்சம் உணவு கொடுத்துப் பாருங்கள். ஒருமுறை கக்கிவிட்டு வாலாட்டிக்கொண்டு திரிந்தால் சரி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கவனிக்கலாம். நாம் சாப்பிடும் மாத்திரை எதுவும் வேண்டாம். ரத்தம், காப்பித்தூள் போன்ற கருமை, திரும்பத் திரும்ப வாந்தி, சோர்வு இருந்தாலோ குட்டி நாய் என்றாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். வயிறு உப்பி, குமட்டியும் ஒன்றும் வராவிட்டால் அந்த நிமிடமே கிளம்புங்கள், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்.