பழைய ஸ்கீ போட்டு வாங்கிட்டீங்களா, மொதல்ல இன்ஜினத் தொடாதீங்க

எங்க தோட்டத்து சாளையில தேங்காய் குமிச்சு வெக்கற எடத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்கீ போட்டு நிக்குதுங்க, தண்ணி மேல சறுக்கற ஆளக் கயித்தால இழுத்துட்டு வேகமாப் போற படகு. ரோட்டுல போறவங்க எல்லாம் வண்டிய நிறுத்தி, ஏனுங்க மழையே ஒழுங்கா பேய மாட்டேங்குது, இதெதுக்குங்கன்னு கேட்டுட்டுதான் போவாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற எங்க மாமன் கொச்சிப் பக்கம் ஒருத்தர்கிட்ட வெல கம்மின்னு வாங்கிட்டு, பம்புசெட் பட்டறை வெச்சிருக்கற என் தலையில கட்டிட்டாரு. நம்ம அணையில எல்லாம் நெனச்சப்போ எறக்க முடியாது, அனுமதி வேணும், அதனால வாளையார் தாண்டிக் கேரளா காயலுக்குத்தான் இழுத்துட்டுப் போறோம். ரெண்டு வருசமா இதோட மல்லுக்கட்டுனதுல தெரிஞ்சுகிட்டத சொல்றேன்.

இது பின்னாடி மோட்டார் தொங்கற போட்டு இல்லீங்க. நடுவுல 5.8 லிட்டர் ஃபோர்டு வி8 பெட்ரோல் இன்ஜின், அங்கிருந்து நேரா ஒரு ஷாஃப்ட் அடி வழியா எறங்கி ஃபேன்ல, அதாவது தண்ணியத் தள்ளற புரொப்பெல்லர்ல முடியும். பாக்கறவங்க எல்லாரும் ஒடனே இன்ஜின் மூடியத் தொறந்து ஸ்டார்ட் பண்ணத்தான் பாப்பாங்க, நாங்களும் அதையேதான் பண்ணோம், கார்பரேட்டர் வேலைக்கே முப்பதாயிரம் போச்சு. அப்பறந்தான் தெரிஞ்சுது இன்ஜின் ஒக்காந்திருக்கற கட்டையே உளுத்துப் போச்சுன்னு.

பழைய போட்டுல தரைக்கு அடியில முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் நீளமா மரக்கட்டை போட்டு மேல ஃபைபர் ஒட்டிருப்பாங்க, ஸ்ட்ரிங்கர்னு பேரு. இன்ஜின் போல்ட் அதுலதான் எறங்கும். அந்த போல்ட் ஓட்டை வழியா வருசக்கணக்கா தண்ணி எறங்கி உள்ள மரம் ஊறிப் போயிரும், வெளிய ஃபைபர் புதுசாட்ட மினுமினுன்னு இருக்கும். கண்டுபிடிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க, தேங்காயத் தட்டிப் பாக்கற மாதிரி சுத்தியல் கைப்பிடியால தட்டிட்டே வாங்க. நல்ல மரம்னா கணீர்னு கேக்கும், போனதுன்னா மொத்து மொத்துன்னு இருக்கும். சந்தேகமா இருந்தா இன்ஜின் போல்ட்ட ஒரு சுத்து இறுக்கிப் பாருங்க, பிடிக்காம சும்மா சுத்துச்சுன்னா வேல வந்துருச்சுன்னு அர்த்தம். எங்களது துளை போட்டுப் பாத்தப்ப, மாட்டுக்கு ஊற வெச்ச கடலப் புண்ணாக்காட்ட கருப்பா ஈரமா வழிஞ்சுது. தரைக்கு அடியில அடைச்சிருக்கற ஃபோமும் தண்ணியக் குடிச்சுக் கெடக்கும், அள்ளிப் போடப் போட போட்டு எடை எறங்கும்.

மாத்தறதா இருந்தா தரைய அறுக்கறதுக்கு முன்னாடி அடிய நாலு பக்கமும் சமமா முட்டுக் குடுத்துருங்க, இல்லீனா மொத்த ஒடம்பும் முறுக்கிக்கும், அப்பறம் ஜென்மத்துக்கும் நேராகாது. இன்ஜின் ஒக்கார்ற ஒயரத்த அளந்து எழுதி வெச்சுக்கங்க. ரெண்டு பக்கத்தையும் ஒட்டுக்கா வெட்டி எடுத்துராதீங்க, ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம். ரெசின், அதாவது ஃபைபர் ஒட்டற பசை, அந்த வேலைக்குக் கரூர்ல பஸ் பாடி கட்டற ஆளுக கெடச்சா விட்டுராதீங்க, கை சுத்தம். ரெசின இறுக வெக்கற ஹார்ட்னர் நூறு பங்குக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. சித்திரை வெயில்ல ரெண்டு ஊத்துனீங்கன்னா பிரஷ்ஷ எடுக்கறதுக்குள்ள மக்குலயே கல்லாட்ட ஆயிரும், எங்க பையன் கலக்குன மக்கு பொகஞ்சு அடி உருகி ஓட்டையே விழுந்துருச்சு. காலைல ஏழு மணிக்குள்ள ஒட்டி முடிச்சுருங்க. இன்னொண்ணு, வெளையாட்டில்ல: ரெசின் சீக்கிரம் இறுகறதுக்கு ஊத்தற கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் சேக்கவே கூடாது, வெடிக்கும். மொதல்ல ரெசின்ல ஒண்ணக் கலக்கி முடிச்சுட்டுத்தான் அடுத்தது. ஏற்கெனவே ஆக்சிலரேட்டர் கலந்த ரெசினாவே கேட்டு வாங்கிட்டா இந்த வம்பே இல்ல.

அடுத்தது ஷாஃப்ட் வெளிய போற எடம். இதப் பாத்ததும் எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, நம்ம பழைய பம்புல இருக்கற அதே கிளாண்ட்! ஷாஃப்ட்ட சுத்தித் தண்ணி கசியாம இருக்கக் கயிற வளையமா வெட்டிப் போட்டு நட்டால அமுக்கறது. ஆனா ரெண்டு விசயம் கவனிங்க. பம்புக்குப் போடற கருப்பு கிராஃபைட் கயிறு இங்க வேண்டாம், தண்ணியில கெடக்கற ஷாஃப்ட்ட அரிச்சுரும், மெழுகு ஏத்துன சணல் கயிறோ டெஃப்லான் கயிறோ வாங்கிக்கங்க. ஒவ்வொரு வளையத்தோட வெட்டும் ஒரே கோட்டுல வராம மாத்தி மாத்திப் போடுங்க. அப்பறம் சொட்டே இல்லாம இறுக்கிறாதீங்க, ஷாஃப்ட் சுத்தறப்போ சொட்டு சொட்டா விழணும், அந்தத் தண்ணிதான் அதுக்குக் குளிர்ச்சி. எங்கப்பா கெணத்து மேட்டுல நின்னுகிட்டு கிளாண்ட் சொட்டலைனா ஷாஃப்ட் போச்சுடான்னு கத்துவாரு, அதேதான்.

போட்டு ஓட்டறப்போ காலுக்கடியில கொடகொடன்னு அதிருச்சுன்னா மொதல்ல ஃபேன் இறக்க வளைஞ்சிருக்கான்னு பாருங்க, அது சரியா இருந்தா கப்ளிங் அலைன்மென்ட், அதாவது இன்ஜினும் ஷாஃப்ட்டும் சேர்ற எடம் நேரா இருக்கான்னு. ரெண்டு கப்ளிங் மொகத்துக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் (சந்து அளக்கற மெல்லிசு தகடு) விட்டு மேல கீழ ரெண்டு பக்கம்னு நாலு எடத்துல பாக்கணும், வித்தியாசம் மூணு தௌக்கு (ஒரு இஞ்சுல ஆயிரத்துல மூணு பங்கு) மேல போகக் கூடாது. இத டிரெய்லர் மேல வெச்சுப் பாத்துப் பிரயோஜனமே இல்லீங்க, தண்ணியில எறக்குனா போட்டு ஒடம்பு லேசா மாறிக்கும், அதனால கடைசி அளவு தண்ணியில வெச்சுத்தான்.

இன்ஜினுக்கு வருவோம். இந்தப் போட்டுகள்ல நெறைய இன்ஜின் எதிர்ச்சுத்து. இது தெரியாம ஒரு மெக்கானிக் எங்களது பிளக் ஒயர சாதா 351 இன்ஜினுக்கு (இதே 5.8 லிட்டர்தான், க்யூபிக் இஞ்ச் கணக்கு) சிலிண்டர் எரியற வரிசைல போடற மாதிரி 1-3-7-2-6-5-4-8 போட்டுட்டு ரெண்டு நாள் செல்ஃப் அடிச்சுப் பேட்டரியக் கொன்னதுதான் மிச்சம். எதிர்ச்சுத்துக்கு 1-8-4-5-6-2-7-3. எதுங்கறதக் கண்டுபிடிக்க, புல்லி பக்கம் நின்னுகிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, கடிகாரத்துக்கு எதிரா சுத்துனா எதிர்ச்சுத்து. செல்ஃப் மோட்டாரு, ஆயில் சீலு எல்லாமே அதுக்கேத்த மாதிரிதான் வாங்கோணும்.

செல்ஃப் மோட்டாரு, ஆல்டர்னேட்டரு, டிஸ்ட்ரிபியூட்டரு, கார்பரேட்டரு, பெட்ரோல் பம்பு, இந்த அஞ்சையும் கார் சாமான் போட்டு ஒப்பேத்தாதீங்க. கார்ல பெட்ரோல் கசிஞ்சா கீழ ரோட்டுல போயிரும், போட்டுல எங்க போகும்? ஆவி காத்த விடக் கனம், அடியிலயே தேங்கிக் கெடக்கும், ஒரு பொறி போதும். போட்டுக்குன்னு செய்யற சாமான்ல பொறியோ பெட்ரோலோ வெளிய வராத மாதிரி செஞ்சிருப்பாங்க. கோயமுத்தூர்ல ஒரு பட்டறையில எங்களுக்குக் கார் ஆல்டர்னேட்டர மாட்டி விட்டு, அதே வேலதாங்க செய்யும்னு சொன்னாங்க. கரண்டு வரத்தான் செஞ்சுது, நான் கழட்டி வீசிட்டேன். சாவி போடறதுக்கு முன்னாடி, அடியில தேங்குன ஆவிய வெளிய தள்ளற புளோவர நாலு நிமிசம் ஓட விட்டு, மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டு அப்பறம் ஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கறதால பழைய ரப்பர் ஹோஸ் மெத்துனு ஆயி கசிய ஆரம்பிக்கும், எல்லாத்தையும் மாத்திருங்க. மாசக்கணக்குல டேங்குல பெட்ரோல் வெக்காதீங்க, எத்தனால் ஈரத்த இழுத்துகிட்டுப் பிரிஞ்சு அடியில தங்கிரும். ஓட்டி முடிச்சதும் மிச்சத்த ஸ்கூட்டருக்கு ஊத்திருங்க.

தண்ணி பம்புல ஒரு ரப்பர் இம்பெல்லர் இருக்கும், வருசம் ஒண்ணு மாத்தணும். தண்ணியில்லாம ஓட்டுனா ஒரு நிமிசம் தாங்காது. கழட்டறப்போ இறக்க ஏதாச்சும் ஒடஞ்சிருந்தா அந்தத் துண்டு ஹோஸ்லயோ தெர்மோஸ்டாட் கூட்டுலயோ மாட்டிருக்கும், தேடி எடுக்காம மூடுனீங்கன்னா இன்ஜின் சூடாகறது நிக்காது.

காயல்ல ஓட்டிட்டு வந்தா நல்ல தண்ணி விட்டு இன்ஜினக் கழுவோணும். இதுல நாங்க பண்ணுன தப்பு என்னன்னா, போர் தண்ணியில கழுவுனது. நம்ம ஊர் போர் தண்ணியப் பத்தி சொல்லணுமா, பக்கெட்டுலயே வெள்ளையாப் படியும், சூடான இன்ஜினுக்குள்ள போனா சுண்ணாம்பு அடிச்சு விட்ட மாதிரிதான். சிறுவாணித் தண்ணியோ மழைத்தண்ணியோ டிரம்முல பிடிச்சு வெச்சு, ஹோஸ அதுல போட்டு இன்ஜின் தானா உறிஞ்சற மாதிரி விடுங்க. பம்பு மோட்டார் வெச்சு அழுத்தத்தோட தண்ணி விடறது, அதுவும் இன்ஜின் ஓடாதப்போ, வேண்டவே வேண்டாம், எக்ஸாஸ்ட் ரொம்பி சிலிண்டருக்குள்ள எறங்கிரும். கழுவி முடிச்சதும் இன்ஜின் பிளாக்குல, பொகை போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல இருக்கற வடிகால் திருகு எல்லாத்தையும் தொறந்து விடுங்க. துரு அடைச்சிருந்தா கம்பி விட்டுக் குத்தோணும். டிப்ஸ்டிக்குல ஆயில் பால் டீ கலர்ல வந்துச்சுன்னா தண்ணி கலந்துருச்சு, ஸ்டார்ட் பண்ணாதீங்க, மொதல்ல மேனிஃபோல்டக் கழட்டிப் பாருங்க.

டிரெய்லர் வீல் பேரிங்கையும் மறந்துராதீங்க. அத்தனை தூரம் ஓடி சூடான பேரிங் தண்ணியில முங்குனா தண்ணிய உள்ள இழுத்துக்கும். போய்ச் சேந்ததும் ஒரு டீ குடிச்சுட்டு, ஆறுனதுக்கப்பறம் எறக்குங்க, ஊட்டுக்கு வந்ததும் கிரீஸ் அடிங்க.

கடைசியா போட்டு பின்னாடி கீழ ஒரு பித்தளை பிளக் இருக்கும், நிறுத்தி வெக்கறப்போ மழைத்தண்ணி வடியக் கழட்டி வெச்சிருப்போம். போன தையில மாமன் ஒறம்பரை எல்லாத்தையும் கூட்டிட்டு வந்து, போட்டோக்கு நின்னு, எறக்கி விட்டு அஞ்சு நிமிசத்துல அத்தை செருப்பு மெதக்குது. பிளக்கு சாளையில ஜன்னல் திட்டு மேல இருந்துச்சு. இப்ப அதக் கயிறு போட்டு சாவியோடயே கட்டி வெச்சிருக்கோம்.